வலது கால் சப்பாத்து

பீலிச் சுவரில் கார் முட்டிய அன்று நான் முதலில் சந்தேகப்பட்டது காலில் கிடந்த சப்பாத்தை. அடுத்து என் மருமகனை. பிரேக்கை மூன்றாவதாகத்தான் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் அந்தப் பிரேக்கை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். மருமகனை எட்டு வருடமாகத்தான் தெரியும். சப்பாத்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே மலைத் தண்ணீர் கொட்டும் பீலி இருக்கிறது. சேறு ரோட்டுக்கு வராமல் இருக்க அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். காலையில் காரை எடுத்து வந்து அந்தச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திக் கண்ணாடி கழுவுவது என் வழக்கம். அன்றைக்கும் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றுதான் நினைத்தேன். கார் நிற்கவில்லை. வேகமாகவும் ஓடவில்லை. தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி மெதுவாகப் போய்ச் சுவரில் முட்டியது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளிகளைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். ஒரு வாளி நசுங்கியது. யாருக்கும் அடி இல்லை.

மகள் லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி விஷயத்தை முடித்திருப்பேன். கீழே இறங்கி வந்து, நசுங்கிய வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவ இப்படி நடந்துச்சுன்னா கார வித்துருவோம்ப்பா. சும்மா சொல்லல."

சும்மா சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். அவள் அம்மா போன பிறகு வீட்டில் கடைசிப் பேச்சு அவளுடையதுதான்.

அந்தக் கார் போனால் நான் என்ன ஆவேன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் வேறு கார் கிடையாது. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, கல்யாணம், பரீட்சை, எதுவென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு எழுபத்தொரு வயது. என் வயதுக்காரர்கள் வெயில் வந்ததும் வாசலில் உட்கார்கிறார்கள், வெயில் போனதும் உள்ளே போகிறார்கள். அவர்களை யாரும் தேடி வருவதில்லை. என்னைத் தேடி வருகிறார்கள். சாவி என் இடுப்பில் இருக்கிற வரைக்கும்தான் வருவார்கள். ஆகவே மறுபடி எங்கேயும் முட்டாமல் ஓட்ட வேண்டும். முட்டியதற்குக் காரணம் அந்தச் சப்பாத்து. காலுக்கு ஏற்ற வேறு ஒன்று கிடைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

சப்பாத்து எப்படி வந்தது என்றால், சீனி வியாதியால் வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில், வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது, தினமும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முகத்தையே கண்ணாடியில் ஒழுங்காகப் பார்க்காத கிழவன் உள்ளங்காலைப் பார்ப்பதா என்று நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே கறுப்பு நிறத்தில், பாண் ரொட்டித் துண்டு மாதிரி தடித்த அடியோடு ஒரு சோடி வாங்கி வந்தாள். வாங்கும்போது மருமகனும் கூடப் போயிருந்தார். அதை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அதுவரைக்கும் நான் வெறுங்காலோடு ஓட்டியவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, மேட்டில் லொறி நின்றால் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பவனாக இருந்து, டிரைவர் ஆனேன். அந்த லொறியின் பெடல்களில் ரப்பர் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. வெறும் இரும்பு. காலையில் ஐஸ்கட்டியாக இருக்கும், மத்தியானம் தோசைக்கல். ஆனால் என்ஜின் என்ன நினைக்கிறது என்று அந்த இரும்பு வழியாகத்தான் எனக்குத் தெரியும். ஏற்றத்தில் மூச்சு வாங்கப் போகிறது என்றால் காது கேட்பதற்கு முன்னால் பெருவிரல் கேட்டுவிடும். மற்ற டிரைவர்மார் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

காரில் வெறுங்கால் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாங்கிய அன்றைக்குக் கதிர்காமத்து முருகன் படத்தை முன்னால் ஒட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்தோம். சாமி இருக்கிற இடத்தில் செருப்போடு ஏறலாமா? எங்கள் ஆட்கள் யாரும் ஏற மாட்டார்கள். செருப்பைக் கழற்றி ரோட்டோரமாக வரிசையாக விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள், வீட்டுக்குள் போகிற மாதிரி. வீடு இருந்த இடத்திலேயே இருக்கும், கார் போய்விடும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. ஒரு கல்யாணப் பதிவு எழுத்துக்குப் பெண் வீட்டார் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனேன். கச்சேரி ஆபீசுக்கு முன்னால் பட்டுப் புடவையும் வேட்டியுமாக இறங்கினார்கள். ஆறு பேர் காலிலும் ஒன்றும் இல்லை. தார் ரோட்டுச் சூட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். செருப்பை நான் பின்பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று பெண்ணின் அப்பா சந்தேகப்பட்டார். பெட்டியைத் திறந்து காட்டியும் ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்தபோது பன்னிரண்டு செருப்பில் பதினொன்று அதே இடத்தில் வரிசை குலையாமல் இருந்தன. ஒன்றை நாய் கொண்டுபோயிருந்தது. அதற்கும் இன்றுவரைக்கும் அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

மருமகனுக்கு வருகிறேன். சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறார். குடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார், எல்லாரும் நல்ல பிள்ளை என்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் எனக்கு உதறும். சப்பாத்து வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். காலையில் சந்திக்குப் போவதற்கு முன்னால், யாரும் பார்க்காத மாதிரி என் காரின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, போன் வெளிச்சத்தை அடித்து, பெடல் இருக்கும் இடத்தில் குனிந்து பார்ப்பார். சில நாள் காலடி ரப்பர் விரிப்பு நனைந்து வேலியில் தொங்கும்.

ஒருநாள் பின்னால் போய் நின்று, என்ன பார்க்கிறீர்கள் மாப்பிள்ளை என்று கேட்டேன். தலையை இடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒன்னுமில்ல மாமா. எலி புகுந்திருக்கான்னு பாத்தேன்."

எலி வயரைக் கடிக்கும், உண்மைதான். ஆனால் என் கார் எலி மேல் இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை? சுவரில் முட்டிய பிறகு எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. காரை விற்றால் பழைய த்ரீவீலை மாற்றிப் புதிது எடுக்கலாம். மகளிடம் தடித்த சப்பாத்தை வாங்க வைத்துவிட்டு, பிரேக்கிலும் கை வைத்திருக்கிறார். அன்று சாயங்காலமே பொனட் இடுக்கில் ஒரு தேயிலைக் குச்சியைச் சொருகி வைத்தேன். யாராவது திறந்தால் குச்சி விழும். ஒரு வாரம் பார்த்தேன், குச்சி அங்கேயே இருந்தது. குச்சியைக் கண்டுபிடித்து, எடுத்து வைத்துவிட்டுத் திறந்து, மறுபடி சொருகுகிற அளவுக்குப் புத்திசாலி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு கராஜ்காரரிடமும் காட்டினேன். அவர் பிரேக்கை மிதித்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அவரும் மருமகனும் ஒரே சந்தியில் தேநீர் குடிப்பவர்கள்.

சரி, பிரேக்கை விடுவோம், காலுக்கு வருவோம் என்று நானே பரீட்சை செய்ய ஆரம்பித்தேன். என்ஜினை அணைத்துவிட்டு, காருக்குள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போட்டு மிதித்துப் பார்த்தேன். கறுப்புச் சப்பாத்தில் பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அகலம் வேறு அதிகம். பிரேக்கை மிதித்தால் ஓரம் அக்சிலேட்டரையும் தொட்டது. ரப்பர் செருப்பைப் போட்டேன். ஓட்டிக் கொண்டு போகும்போது, பிள்ளையார் கோயில் வளைவில், குதிகால் தனியாக ஆட, செருப்பின் முனை மடிந்து பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. காலைப் பிடுங்கிப் பிரேக்கைத் தேடுவதற்குள் கார் வளைவில் பாதியைத் தாண்டிவிட்டது. அங்கே யாரும் வரவில்லை. அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெறுங்காலோடும் ஓட்டிப் பார்த்தேன். சப்பாத்து வந்த நாளிலிருந்தே இடைக்கிடை செய்து வந்ததுதான்: மகளுக்காகச் சப்பாத்தோடு ஏறி, லயம் மறைந்ததும் கழற்றிப் பின்சீட்டில் வீசிவிட்டு ஓட்டுவேன். அதில்தான் எனக்கு இன்னும் குழப்பம். வெறுங்காலிலும் பெடல் எட்டத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. வேறு யாரோ மிதிக்க, அவர் கால்மேல் நான் காலை வைத்திருக்கிற மாதிரி. பெடல் ரப்பர் தேய்ந்து போய்விட்டது, அதுதான் காரணம் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் ஒரு பழைய தோட்டத்துத் துரையின் ஞாபகம் வந்தது. நான் லொறி ஓட்டிய காலத்தில் இருந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கும் மலைக்கும் முழங்கால் வரை சப்பாத்து போட்டுக்கொண்டு போவார். ஜீப்புக்குத் திரும்பி வந்ததும் படியில் உட்கார்ந்து அதைக் கழற்றி, ஜீப்புக்குள் வைத்திருக்கும் மெல்லிய பழுப்புச் சப்பாத்து ஒன்றை மாட்டிக்கொண்டுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். இறங்கும்போது மறுபடி மாற்றுவார். துரைமாருக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் சப்பாத்து மாற்ற நேரம் இருக்கிறது என்று நாங்கள் பின்னால் பேசிச் சிரிப்போம். எங்கள் அப்பாமார் துரைமாரின் ஆபீஸ் வாசலில் செருப்போடு நிற்கவே பயந்தவர்கள், ஆகவே சப்பாத்து என்றாலே எங்களுக்கு அது அதிகாரத்துக்குப் போடுவது, காலுக்குப் போடுவது இல்லை. இப்போது யோசித்தால், அந்த மனிதர் ஓட்டத் தெரிந்தவர். சேறு இல்லாத அடி, மெல்லிய அடி, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்பக்கம், பாதத்தை விட அகலமில்லாத ஓரம். காருக்குள்ளேயே கிடக்க வேண்டும், மண்ணில் படக் கூடாது. எனக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

எல்ல ஊர்ப் பக்கம் ஆளேற்றி ஹயர் போகும்போது வெள்ளைக்காரப் பிள்ளைகள் த்ரீவீலை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி மலையேறுகிற சப்பாத்தோடு ஓட்டுகிறாள், அடுத்தவன் வெறுங்காலோடு ஓட்டுகிறான், இருவரும் சிரித்துக்கொண்டேதான் போகிறார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஆகவே ஒருநாள் காலை, ஹயர் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டு, தனியாகப் பதுளைக்குப் போனேன். வழி முழுக்க இரண்டாம் கியர். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே ஏசினார். கடை வீதியில் இடம் கிடைத்து காரை நிறுத்தி, கறுப்புச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, எதிரே இருந்த சப்பாத்துக் கடைக்குள் போனேன். முஸ்லிம் ஆள் ஒருவரின் கடை. ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். எப்படி அழைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை, அவர்களில் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

என்ன சைஸ் என்று கேட்டார். சைஸ் கிடக்கட்டும், கார் ஓட்டுகிற சப்பாத்து வேண்டும் என்றேன்.

"அப்படித் தனியா ஒன்னு இல்லயே ஐயா. நீங்க போட்டு ஓட்டினா அது கார் ஓட்டுற சப்பாத்துதான்."

பதில் சட்டென்று வந்தது. சட்டென்று பதில் சொல்லும் வியாபாரியிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒவ்வொரு சோடியாக எடுத்து, அடியை வளைத்து, மூக்கில் வைத்துப் பசை வாசம் பார்த்து, பெருவிரலால் ஓரத்தை அளந்து, திருப்பி வைத்தேன். பதினைந்து சோடியாவது இருக்கும். அவர் பெட்டிகளை மூடிக்கொண்டே இருந்தார். பொறுமையாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்து பழுப்புத் துணிச் சப்பாத்து ஒன்று வெளியே வந்தது. அடி மெல்லிசு. குதிகால் கெட்டி. அந்தத் துரை போட்டதற்குத் தம்பி மாதிரி.

இதைப் போட்டுக்கொண்டு காரில் மிதித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கார் எங்கே என்று கேட்டார். காட்டினேன். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காருக்கு முன்னால் திறந்து கிடந்த ரோட்டைப் பார்த்தார்.

"ஒரு கால் மட்டும் போட்டுக்கிட்டுப் போங்க. வலது கால். மத்தது இங்க இரிக்கட்டும்."

"ஒத்தச் சப்பாத்தத் தூக்கிக்கிட்டு நான் எங்க நானா ஓடப்போறேன்?"

"அதுக்குத்தானே சொல்றேன்."

ஆளும் நம்மைப் போலத்தான் என்று முதல் தடவையாக அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. இடது காலில் பாண் துண்டு, வலது காலில் புதுச் சப்பாத்து, ஒரு கால் உயரமாகவும் ஒரு கால் குட்டையாகவும் ரோட்டைக் கடந்தேன். ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பிரேக், அக்சிலேட்டர், பிரேக். குதிகால் ஆடவில்லை. ஓரம் எதிலும் உரசவில்லை. வேகமாக மாற்றிப் பார்த்தேன், கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு மிதித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரையில் எல்லாம் சரி. பெடல் கொஞ்சம் எட்டத்தில் இருந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் புதுச் சப்பாத்து, பழகப் பழகச் சரியாகும். மகளிடம் என்ன சொல்வது என்றுகூடத் தயார் செய்துவிட்டேன். பார்த்தாயா, ஆளில் பிழை இல்லை, சப்பாத்தில்தான் பிழை.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். குனிந்து நாடாவை அவிழ்க்க நான் சிரமப்பட்டதைப் பார்த்து, நானாவே தரையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து கழற்றினார். கழற்றியவர் அதற்குள் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டார். பிறகு என் காலைத் தூக்கிப் பார்த்தார்.

சப்பாத்துக்குள் அடியில் விலைச் சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்திருக்கிறார்கள். அந்தக் குண்டூசி பெருவிரலுக்குக் கீழே பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. சப்பாத்துக்குள் ரத்தம்.

"ஊசியோட ரோட்டைத் தாண்டிப் போய் வந்திருக்கீங்க. நோகலையா ஐயா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ரத்தம் பட்ட சப்பாத்தை வாங்க வைக்க நல்ல வழி என்று நினைத்தேன்.

"ஊசிய வச்சது நீங்க. நோகலையான்னு என்னையக் கேக்குறீங்க?"

"ஊசிய எடுக்காம விட்டது என் பிழைதான். அத நான் இல்லைன்னு சொல்லல. நான் கேக்குறது வேற. நொந்துச்சா, இல்லையா?"

நொந்தது என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். நொந்திருந்தால் ஏன் கழற்றவில்லை என்று அடுத்து கேட்பார்.

பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து ஊசியை எடுத்துத் துடைத்தார். துடைக்கும்போது இன்னொரு இடத்தைக் காட்டினார். விரல்களுக்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில், பாதி காய்ந்த ஒரு வெட்டு இருக்கிறதாம். இது இன்றைக்கு வந்த காயம் இல்லை என்றார். எனக்கு அப்படி ஒரு காயம் இருப்பதே தெரியாது. சீனி இருக்கிறதா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். தன் மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொன்னார். அதற்கு மேல் மாமனாரைப் பற்றிச் சொல்லவில்லை.

"கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன். உங்க பழைய சப்பாத்த எடுத்துக்கிட்டு நானும் ஓடிற மாட்டேன். எந்த விரலத் தொடுறேன்னு மட்டும் சொல்லுங்க."

மூடினேன். ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கடையில் யாரோ தராசுத் தட்டை வைத்தார்கள். நான் காத்திருந்தேன். மொதல்ல தொடுங்க என்றேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். ஏமாற்றுகிறார், எழுந்து உள்ளே போய்விட்டார் என்று நினைத்து, ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தேன்.

அவர் என் பெருவிரலை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். சும்மா தொடவில்லை. நகம் வெளுத்துப் போகிற அளவுக்கு நசுக்கிப் பிடித்திருந்தார்.

"எப்ப இருந்து புடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"நீங்க கண்ண மூடுனதுல இருந்து."

நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொரு வருடமாக என்னோடு இருக்கிற கால். லொறி இரும்பின் மூச்சைக் கேட்டு எனக்குச் சொன்ன விரல் அது. அது பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பிரேக், மருமகன், கராஜ்காரர், கடைக்காரர் என்று எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்டவன், இதை மட்டும் கேட்கவில்லை. பீலியில் நான் பிரேக்கைப் பாதிதான் மிதித்திருக்கிறேன். முழுசாக மிதித்தேன் என்று கால் சொன்னது, நம்பிவிட்டேன். சுவருக்கும் காருக்கும் நடுவில் அன்றைக்கு ஒரு வாளிதான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்கு ஒரு நிமிடம் முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்ததை இப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

எதிரே கார் நின்றது. வீட்டுக்குப் போகிற ரோடு முழுக்க ஏற்றமும் வளைவும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். சாவியை எடுத்தும் விட்டேன். நானா ரத்தம் பட்ட அந்த வலது சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். நான் போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டேன்.

கார் சரியில்லை, பதுளைக்கு வாங்க என்று மட்டும் சொன்னேன். அவர், கார் சரியில்லையா இல்லை வேறு ஏதாவதா என்று கேட்டார். வாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

த்ரீவீலைச் சந்தியில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். கடைக்குள் நுழைந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வெளியே நின்ற காரையும் பார்க்கவில்லை. நேராக என் வலது காலைத்தான் பார்த்தார்.

"தெரிஞ்சிருச்சா மாமா?"

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு மாசம் இருக்கும். பிரேக் பெடல்ல ரப்பர் தேஞ்சு ஓரத்துல தகரம் நீட்டிக்கிட்டு இருக்கு. கால் ரப்பர்ல ரத்தம் கெடந்துச்சு. நீங்க நொண்டவும் இல்ல, ஒன்னும் சொல்லவும் இல்ல. தகரத்த ரெண்டு தடவ தட்டி விட்டேன், திரும்பத் திரும்ப நீட்டிக்குது. ரப்பரத்தான் கழுவிக்கிட்டு இருந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? தகரத்த வளச்சு வச்சதே நான்தான்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். குச்சி வைத்ததையும் அவர் பார்த்திருக்கிறார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது.

"உங்க மககிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னா அன்னைக்கே கார் போயிரும், நீங்க ஒடஞ்சி போயிருவீங்கன்னு விட்டுட்டேன். பீலியில முட்டுன அன்னைக்காவது சொல்லியிருக்கணும். அது என் பிழை."

அவர் எனக்காகச் சொல்லாமல் இருந்தாரா, எனக்குப் பயந்து சொல்லாமல் இருந்தாரா என்று நான் யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன். இரண்டும் இருந்திருக்கலாம்.

நானா அகலமான, மெத்தென்ற ஒரு சோடியைக் கொண்டுவந்து, உள்ளே கையை விட்டு மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு என் காலில் மாட்டினார். இது நடக்க மட்டும், ஓட்ட இல்லை என்றார். பழுப்புச் சப்பாத்தை, ரத்தம் பட்டதையும் படாததையும் சேர்த்து, பெட்டிக்குள் போட்டு மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். அதற்கு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கால்கள் பழக்கத்தில் டிரைவர் பக்கமே போயின. கதவில் கையை வைத்துவிட்டேன். மருமகன் பக்கத்தில் நின்றார். அவசரப்படுத்தவில்லை, தள்ளி நில்லுங்கள் என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினேன். இருபது வருடத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் ரோடே வேறு மாதிரி இருந்தது. பள்ளம் எல்லாம் பக்கத்தில் வந்துவிட்டது.

அவர் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. கியரைக் கடைசி நேரத்தில் மாற்றுகிறார். வளைவில் ஹாரன் போதாது. முன்னால் ஒரு பஸ் திரும்பியபோது என் உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்தது.

"மாமா, அந்தப் பக்கம் பிரேக் இல்ல."

"தெரியும். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பியதும், மகளிடம் யார் சொல்வது என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். சொன்னால் காரை விற்கச் சொல்வாளே என்றார். அதற்கும் எனக்குள் பதில் தயாராக இருந்தது, எப்போது தயாரானது என்று தெரியவில்லை.

"நான் இனி ஓட்டலன்னு சொல்றேன். ஆள்க கூப்புட்டா நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் பக்கத்துல உக்காந்து வாரேன். வித்தா நான் சும்மா இருக்க மாட்டேன்னும் சொல்லுவேன்."

"ஒவ்வொரு ஹயருக்கும் வருவீங்களா?"

"உங்களை நம்பித் தனியா விட முடியாது."

அவர் சிரித்தாரா என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை. மேலே பிள்ளையார் கோயில் வளைவு வந்துகொண்டிருந்தது, வேகம் கொஞ்சம் கூட இருக்கிற மாதிரி இருந்தது. என் வலது கால் மிதித்ததா, இல்லை மிதித்ததாக நான்தான் நினைத்தேனா என்று தெரியாமல் கீழே குனிந்து பார்த்தேன். புதுச் சப்பாத்து வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.